எசமான் வண்டிக்கு விளக்கு

இது நடந்தது முப்பத்தேழாம் வருஷமா, அதற்கு அடுத்த வருஷமா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்பது சரியாகத்தான் இருக்க வேண்டும்; மற்ற நாட்களில் வெள்ளைத்துரை பஸ் ஷெட்டில் இருப்பான். கண்மாயில் தண்ணீர் கிடந்ததா, வெறும் சேறுதானா என்று கேட்டால் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். வெள்ளைத்துரையே ஒருமுறை தண்ணீர் பளபளத்தது என்றான், பிறகு ஒருமுறை தண்ணீரே இல்லை என்றான். பேசிய பேச்சுகளும் அப்படியே வார்த்தை பிசகாமல் நினைவில் நின்றிருக்க நியாயமில்லை. எத்தனை பேர் சொல்லிக் கேட்டாலும் மாறாமல் இருந்தது ஆட்டு மயிர் மட்டும்தான். வண்டியின் முன்குழாயில் ரத்தத்தோடு காய்ந்து ஒட்டியிருந்த கருப்பு ஆட்டு மயிர்.

வில்லாபுரத்துக்குத் தெற்கே, கண்மாய்க்கரையை ஒட்டி ஒரே ஒரு தெரு. மேற்கே மானம் பார்த்த பூமியை விட்டுவிட்டுப் பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள் அதில் இருந்தன. ஊரை விட்டு வந்தார்களே தவிர ரேகைச் சட்டம் அவர்களை விடவில்லை. பிறந்த சாதியைப் பார்த்துக் கைரேகையைப் பதிந்துகொள்கிற சட்டம் அது. ரேகை வைத்தவன் திருடினாலும் திருடாவிட்டாலும் பொழுது சாய்ந்ததும் போலீஸ் கச்சேரிக்குப் போய்விட வேண்டும். பெயர் கூப்பிடும்போது குரல் கொடுக்க வேண்டும். பிறகு விடியும்வரை கச்சேரி வராந்தாவில் படுத்துக்கிடக்க வேண்டும். பகலில் பஸ் ஷெட்டில் மிஷினைப் பிரித்துப் பூட்டுகிற வெள்ளைத்துரைக்கும் அதே வராந்தாதான். பகலில் என்ன வேலை செய்கிறான் என்று சட்டம் கேட்பதில்லை.

போன வருஷம் அவன் பெண்டாட்டி அன்னக்கொடிக்கு முதல் பிரசவம் ராத்திரியில் கண்டது. பிள்ளை குறுக்கே கிடந்தது. வண்டி கட்டிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். மாடு இருந்தது, வண்டி இருந்தது, ஓட்டுவதற்குத் தெருவில் ஓர் ஆண்பிள்ளை இல்லை. அத்தனை பேரும் கச்சேரி வராந்தாவில் வரிசையாகப் படுத்திருந்தார்கள். காலையில் வெள்ளைத்துரை வீட்டுக்கு வந்தபோது பிள்ளையைப் பழந்துணியில் சுற்றி முறத்தில் வைத்திருந்தார்கள். அவன் அந்தத் துணியை விலக்கிப் பார்க்கவில்லை. ஏற்கனவே அதிகம் பேசாதவன், அதற்குப் பிறகு கேட்ட கேள்விக்கும் பாதிப் பதில்தான் சொன்னான்.

இப்போது அன்னக்கொடிக்கு மறுபடியும் நிறை மாதம். இந்தத் தடவை அவன் வீட்டில் இருக்க வேண்டும். அதற்கு அவன் பெயர் கச்சேரியிலிருந்து நீங்க வேண்டும். சப் இன்ஸ்பெக்டர் நல்லபடியாக எழுதி அனுப்பினால் மேலிடத்தில் நீக்கிவிடுவார்கள், அப்படி இரண்டொருவருக்கு நீங்கியிருக்கிறது என்று கேள்வி. அவன் வேண்டியது அந்த ஒன்றைத்தான்.

சப் இன்ஸ்பெக்டரைத் தெருவில் எல்லோரும் எசமான் என்பார்கள். சிறுவயது. கையை ஓங்கமாட்டார், கெட்ட வார்த்தை பேசமாட்டார், அதெல்லாம் ஏட்டுக்கு விட்ட வேலை. அவருக்கு ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது, அதன்மேல் உயிரையே வைத்திருந்தார். பெயர் கூப்பிடும்போது இல்லாதவனைத் தேடி அதில்தான் வருவார். மாசி மாதத்தில் ஒருநாள் அப்படி வந்தபோது ஒச்சாயியின் ஆடு குறுக்கே பாய்ந்தது. ஆடு செத்தது. வண்டியின் விளக்கும் அதைத் தாங்கியிருந்த இரண்டு இரும்புக் கைகளும் நொறுங்கின. ஆட்டுக்காக யாரும் வாய் திறக்கவில்லை. எசமான் மட்டும் விளக்குக்காக ரொம்ப வருத்தப்பட்டார்.

“கார் விளக்கு ஒண்ணு கிடைச்சிருக்கு வெள்ளைத்துரை,” என்று ஒருநாள் வராந்தாவில் அவன் தலைமாட்டில் நின்று சொன்னார். “பெரிசு. அதைத் தாங்குற மாதிரி பிராக்கெட் அடிச்சு, ஃபோர்க்கில பூட்டிக் குடு. போலீஸ் வண்டி கண்ட ஷெட்டில நிக்கக்கூடாது, உன் வீட்டிலயே வச்சுச் செய். உன் விஷயம் எனக்கு ஞாபகம் இருக்கு.”

உன் விஷயம் என்று அவர் சொன்னதே வெள்ளைத்துரைக்குப் போதுமானதாக இருந்தது. ஷெட்டில் மற்றவர்கள் சாப்பிடுகிற நேரத்தில் பட்டை இரும்பை வளைத்து இரண்டு பிராக்கெட்டுகள் அடித்தான். ஒருமுனை முன்சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்குக் குழாயைக் கவ்விக்கொள்ள வேண்டும், மறுமுனை முன்னால் நீண்டு விளக்கைப் பக்கத்துக்கு ஒன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் இரண்டும் ஒரே உயரத்தில் நிற்கவேண்டும், குழாயோ மேலே பருத்துக் கீழே சிறுத்துப் போவது. கொஞ்சம் பிசகினாலும் விளக்கு கோணலாகி வானத்தைப் பார்க்கும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வண்டி வந்தது. ஏட்டு சுடலைக்கு ஓட்டத் தெரியாது. வழியில் அகப்பட்ட இருவரைத் தள்ளவிட்டுப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், வயிறு பெல்ட்டுக்கு மேலே தொங்கும்.

“ஏலே வெள்ளத்துரை, இத ஒம் பொண்டாட்டிய விடப் பத்திரமாப் பாத்துக்கிடணும். ஒரு கீறல் விழுந்துச்சுன்னா ஒந் தோல உரிச்சு சீட்டுக்கு உறை தைச்சிருவாரு எசமான். வெளையாட்டுன்னு நெனைக்காத.”

“சரிங்க ஏட்டையா.”

“கொல்லையில ஒரு செவலக் கோழி மேயுதே, யாருதுலே?”

அது அன்னக்கொடி பிரசவத்துக்குப் பிறகு தின்ன வேண்டும் என்று விட்டுவைத்திருந்த கோழி. வெள்ளைத்துரை பதில் சொல்வதற்குள் அவளே உள்ளேயிருந்து, “நம்மளதுதான் ஏட்டையா, வச்சுத் தாரேன்,” என்றாள். பிறகு கணவனைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். கோழி கத்திய சத்தம் ஒருமுறை கேட்டது.

வண்டியைப் புங்கமரத்து நிழலில் நிறுத்தி, வெள்ளைத்துரை முன்சக்கரத்தின் அருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். முன்குழாய்களில் மாசி மாதத்திலிருந்து யாரும் கை வைக்கவில்லை என்று தெரிந்தது. சேறு, சாணி, நசுங்கிய பூச்சிகள். வலது குழாயின் இடுக்கில் ரத்தம் கட்டிக் கருத்து, அதில் ஆட்டு மயிர் கற்றையாக ஒட்டியிருந்தது. சுரண்டினான். மயிரோடு தோல் துணுக்கும் வந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தபோது ரத்தம் இளகி, கெட்டுப்போன வாடை எழுந்தது. குமட்டிக்கொண்டு வந்தது. தலையை ஒருபக்கம் திருப்பி எச்சிலைக் கூட்டித் துப்பினான்.

“என்னலே, புள்ளத்தாச்சி அவளா நீயா?” என்றார் கட்டிலில் சாய்ந்திருந்த ஏட்டு. தன் பேச்சை ரசித்துத் தானே சிரித்தார்.

தண்ணீர்க் குடத்தோடு போன ஒச்சாயி நின்றாள். கைம்பெண், வாய்க்கு அஞ்சாதவள். வெள்ளைத்துரையின் கையில் இருந்ததை உற்றுப் பார்த்தாள்.

“ஏண்டா வெள்ள, எம்புட்டு இருக்கு?”

“என்னது சின்னாத்தா?”

“மயிருதான். அம்புட்டையும் சேத்து மடிச்சு வையி, எங்கிட்டக் குடு. ஆடுதேன் போச்சு, அதாச்சும் எனக்கு மிஞ்சட்டும்.”

“யார்லே அது, என்ன சொல்லுதா?” என்று ஏட்டு தலையைத் தூக்கினார்.

“ஒண்ணுமில்ல சாமி. விளக்கு பெருசா இருக்கே, நல்லா வெளிச்சமா இருக்கும்ல, எங்காடுக எல்லாம் தூரத்துலயே பாத்து ஒதுங்கிக்கிரும்லன்னு சந்தோசப்பட்டேன்,” என்று சொல்லிவிட்டு ஒச்சாயி நடந்தாள். இரண்டடி போய், ஏட்டுக்குக் கேட்காத குரலில், “ஆடு ஒதுங்கிரும். மனுசன் எங்கிட்டு ஒதுங்குவான்?” என்றாள்.

வெள்ளைத்துரை தலை நிமிரவில்லை. அவள் சொன்னது அவனுக்குப் புதிதில்லை. இந்த விளக்கு எதற்கு என்று அவனுக்குத் தெரியும். பழைய விளக்கு மினுக்கட்டான் பூச்சி மாதிரி. வண்டிச் சத்தம் கேட்டதும் வரப்பில் படுத்துவிட்டால் போதும், எசமான் தாண்டிப் போய்விடுவார். சோளம் காவல் காக்கப் போனவன், காய்ச்சலில் கிடக்கிற தாயை விட்டு வர மனமில்லாதவன், அப்படித் தப்பித்தவர்கள் உண்டு. இனிமேல் அது நடக்காது. மயிர்க்கற்றையைத் துணியோடு சுருட்டிக் குப்பையில் எறிந்தான். விரலை மோந்து பார்த்தான். வாடை போகவில்லை.

கொஞ்ச நேரத்தில் மைத்துனன் முத்துக்கருப்பன் வந்தான். அன்னக்கொடிக்கு மூத்தவன். எதையும் சிரித்துக்கொண்டே சொல்கிற ஆள்.

“மாப்ள, இது விளக்கா, கல்யாண வீட்டுப் பாயாசச் சட்டியா?”

“பிடிங்க மச்சான். வலது பக்கம் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க.”

இடது பிராக்கெட் முதல் தடவையிலேயே உட்கார்ந்தது. குழாயில் வழுக்காமல் இருக்கப் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி உள்ளே சுற்றி, போல்ட்டைப் போட்டு முறுக்கினான். வலது பக்கம் படுத்தியது. ஆடு மோதியதில் குழாய் மயிரிழை வளைந்திருந்தது. எவ்வளவு முறுக்கினாலும் கவ்வின இடம் ஒருபக்கம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. கழற்றினான், அரம் போட்டான், பூட்டிப் பார்த்தான், மறுபடியும் கழற்றினான். வெயில் சாய்ந்து முதுகில் அடித்தது. இரும்புத்தூள் வியர்வையில் ஒட்டிக்கொண்டது.

இதற்குள் கோழி வெந்துவிட்டது. ஏட்டு மண்சட்டியைக் கட்டில்மேலேயே வாங்கி வைத்துக்கொண்டு தின்ன ஆரம்பித்தார். எலும்பைக் கடித்து உறிஞ்சும் சத்தம் அரம் போடுகிற சத்தத்தோடு சேர்ந்து கேட்டது. தின்ற எலும்பைத் துப்பினார்; அது ஸ்பேனர்கள் கிடந்த சாக்கில் வந்து விழுந்தது. வெள்ளைத்துரை அதை எடுத்து அப்பால் போட்டான். இன்னொன்று வந்து விழுந்தது. அதையும் எடுத்துப் போட்டான். எலும்பில் அவர் எச்சில் கொழகொழவென்று இருந்தது. அன்னக்கொடி வாசல்படியில் நின்று அடுத்த சோற்றைக் கொண்டுவரக் காத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு ஈரல்கூட மிஞ்சியிருக்காது என்று அவனுக்குத் தோன்றியது.

“காரம் போதாதுலே,” என்றார் ஏட்டு. “ஒங்க ஊர்ப் பொம்பளைக்குக் கை வரல.”

முத்துக்கருப்பன் விளக்கைத் தாங்கியபடி குனிந்து, வெள்ளைத்துரையின் காதருகில் பேசினான். இப்போது சிரிக்கவில்லை.

“மாப்ள, அந்தக் கீழ் நட்ட ஒரு சுத்து விட்டு வையி. நாலு நா குலுங்குனா தன்னால கழண்டு சக்கரத்துக்குள்ள விழுகும். ஒன்னைய யாரு கேக்கப் போறா?”

“இவரு போனா இன்னொரு எசமான் வருவாரு.”

“வரட்டுமே.”

“எம்பேர யாரு எழுதுவா மச்சான்?”

முத்துக்கருப்பன் விளக்கை நிமிர்த்திப் பிடித்தான். செத்த பிள்ளையைப் புதைக்கக் குழி தோண்டினவன் அவன்தான்.

வெள்ளைத்துரை மறுபடியும் அரத்தை எடுத்தான். இந்தத் தடவை பிராக்கெட் குழாயைக் கச்சிதமாகக் கவ்வியது. போல்ட்டு சுற்றச் சுற்ற இறுகி, ஒரு கட்டத்தில் இதற்குமேல் இல்லை என்று கைக்குச் சொன்னது. விளக்கைத் தட்டிப் பார்த்தான், அசையவில்லை. தள்ளி நின்று பார்த்தான். இரண்டு பக்கமும் ஒரே மட்டம். நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது, வேலை நன்றாக அமைந்துவிட்டால் ஷெட்டில் எழுகிற அதே சந்தோஷம். அது எழுந்ததை அவனே பார்த்தான். எவனைப் பிடிக்க இந்த அழகு என்று உடனே தோன்றியது. ஆட்டு ரத்தத்தைச் சுரண்டியபோது வந்த குமட்டல் ஒன்றுமில்லை என்று சொல்லும்படி, தன்மேலேயே ஓர் அருவருப்பு மூண்டது. ஆனாலும் கை நிற்கவில்லை. கழன்றுவிடாமல் இருக்க ஒவ்வொரு போல்ட்டுக்கும் இரண்டாவது நட்டு ஒன்றை எடுத்துப் பூட்டி முறுக்கியது.

“நீ நல்ல வேலக்காரன் மாப்ள,” என்றான் முத்துக்கருப்பன். அது புகழ்ச்சியாக ஒலிக்கவில்லை.

வெயில் போய், கண்மாய்க்கரைக் கருவேல மரங்களில் கொக்குகள் அடைய ஆரம்பித்தன. தெருவில் ஆண்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கச்சேரிப் பக்கம் கிளம்பினார்கள்.

“வா மாப்ள, பேரு கூப்பிட்ருவாக.”

வெள்ளைத்துரை ஏட்டைப் பார்த்தான். “ஏட்டையா, நேரமாச்சு. நான் போயிட்டு எசமான் வந்த பெறகு—”

“எங்கலே போற? எசமான் வந்து விளக்கப் பாக்காண்டாமா? நான் இங்ஙன இருக்கேம்லா. நான் இருக்கற எடந்தாம்லே கச்சேரி.”

கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. எசமான் வீட்டுக்குத் தண்ணீர் சுமக்கவோ விறகு பிளக்கவோ போனவனுக்கு வராந்தாவிலிருந்து இன்னொருவன் குரல் கொடுப்பதும், கணக்கு எழுதுகிறவர் தலை நிமிராமல் எழுதிக்கொள்வதும் வழக்கமாக இருந்தது. சட்டத்தில் இல்லாத வழக்கம். ஆனால் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று அந்தத் தெருவில் யாரும் படித்ததில்லை. காக்கி உடுப்பு எங்கே நிற்கிறதோ அங்கே கச்சேரி நிற்கிறது என்றுதான் அவர்கள் அறிந்திருந்தார்கள்.

“நான் குரல் குடுத்துக்கிறேன். நீ இருந்து ஒன் சோலிய முடிச்சுட்டு வா,” என்று முத்துக்கருப்பன் வெள்ளைத்துரையின் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

தெருவில் இப்போது ஏட்டையும் வெள்ளைத்துரையையும் தவிர ஆண் குரல் இல்லை. விளக்கின் வீச்சை மட்டம் பார்க்க நீண்ட வெட்டவெளி வேண்டும். தெருவின் குறுக்கே சுவர், வீட்டுக்குப் பின்னால் வைக்கோல் படப்பு. கண்மாய்ப் பக்கம் மட்டும்தான் திறந்து கிடந்தது. வெள்ளைத்துரை வண்டியைத் தள்ளி, கரையைப் பார்த்தாற்போல் நிறுத்தினான். அந்த நேரத்தில் அந்தப் பக்கத்தில் என்ன நடக்கும் என்று அவன் யோசிக்கவில்லை. யோசிக்க அவனுக்கு வழியும் இல்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வேளையில் அவன் ஒருநாளும் வீட்டில் இருந்ததில்லை. தெரு ஆண்கள் யாருமே இருந்ததில்லை.

எசமான் குதிரை வண்டியில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, சென்ட் வாசனை. விளக்கைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. பிராக்கெட்டை விரலால் தடவினார், பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

“பிரமாதம். ஷெட்டில குடுத்திருந்தாக்கூட இப்படி வந்திருக்காது. வீட்டில எப்போ?”

“இன்னைக்கோ நாளைக்கோங்க எசமான்.”

“கவலைப்படாதே. நாளைக்குக் காலையில முதல் வேலையா உன்னைப் பத்தி எழுதிடறேன். இனிமே நீ உன் வீட்டிலயே படுக்கலாம்.”

வெள்ளைத்துரை கும்பிட்டான். கைகள் தாமாகக் குவிந்தன. கொஞ்ச நேரம் முன்னால் எலும்பு பொறுக்கிய அதே கைகள். அவர் சிரித்துக்கொண்டே வண்டியை உதைத்தார். இயந்திரம் இருமிக்கொண்டு உயிர் பிடித்தது. பொழுது நன்றாக மங்கிவிட்டிருந்தது. விளக்கைப் போட்டார்.

வெளிச்சம் கொட்டிவிட்ட பால் மாதிரி நேரே போய்க் கரையில் விழுந்தது.

கரை முழுக்கப் பெண்கள். இருட்டட்டும் என்று நாளெல்லாம் அடக்கிக்கொண்டிருந்துவிட்டு வந்தவர்கள். கருவேலம் புதர்களுக்கு நடுவில் இங்கொருவரும் அங்கொருவருமாகக் குந்தியிருந்தவர்கள் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். சிலர் சேலையை இழுத்து விட்டுக்கொண்டார்கள். சிலர் அதைவிட முகத்தை மறைத்தால் போதும் என்று முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். ஓடப் பார்த்த ஒரு பெண் முள்ளில் சிக்கித் தடுமாறினாள். நடுவில் அன்னக்கொடி. அவளால் சட்டென்று எழுந்திருக்க முடியவில்லை. ஒச்சாயி அவள் கையைப் பிடித்துத் தூக்கினாள். பாதி எழுந்து, தன் உடம்பை மறைப்பதா வயிற்றைப் பிடிப்பதா என்று தெரியாமல் ஒரு கையால் அதையும் மறு கையால் இதையும் பிடித்துக்கொண்டு, கண் கூச அவள் நின்ற நிலையை வெள்ளைத்துரை பார்த்தான். ஒரு புருஷன் பார்க்கக்கூடாத நிலை அது.

அடுத்த கணம் எசமான் விளக்கை அணைத்துவிடுவார் என்று அவன் நினைத்தான். அது அவனுக்கு நிச்சயமாக இருந்தது, அவர் கெட்ட வார்த்தைகூடப் பேசாதவர்.

“அடேயப்பா, எவ்வளவு தூரம் பிடிக்குது பாத்தியா ஏட்டு!” என்றார் எசமான். சொல்லிவிட்டு ஹாண்டில்பாரை மெதுவாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பினார். வெளிச்சம் கரை நெடுக ஊர்ந்தது. ஒவ்வொருத்தி மேலும் நின்று போயிற்று. ஏட்டு வாயில் வெற்றிலையோடு குலுங்கினார்.

“ஆகா, எசமான், திருநாக் கூட்டம்லா!”

வெளிச்சம் திரும்பி வந்து மறுபடி நடுவில் நின்றது.

வெள்ளைத்துரை எப்போது நகர்ந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. விளக்குக்கும் கரைக்கும் நடுவில் போய் நின்றிருந்தான். வெளிச்சம் அவன் வயிற்றில் முட்டி அங்கேயே முடிந்தது. அது போதாது என்று தோன்றி, இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடிமேல் வைத்து மூடினான். கண்ணாடி சுட்டது. விரல்களுக்கு நடுவே சிவப்பாக வெளிச்சம் கசிந்தது. பின்னால் கரையில் முட்செடிகள் சலசலத்தன, காலடிகள் ஓடின.

“நகரு.”

“பொம்பளைக இருக்காக எசமான்.”

“தெரியுது. நகரு.”

அவன் நகரவில்லை. இயந்திரம் அவர்கள் இருவருக்கும் நடுவில் ஓடிக்கொண்டே இருந்தது. எசமானின் முகம் அவனுக்கு இருட்டில் தெரியவில்லை; அவன் முகம் அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். கும்பிடாத கைகளோடு ஒருவன் தன் முன்னால் நிற்பது அந்த மனுஷனுக்குப் பழக்கமில்லை. கரையில் சத்தமெல்லாம் அடங்கி, கடைசிப் பெண்ணும் போய்விட்டாள் என்று தெரிந்தபிறகுதான் வெள்ளைத்துரை கைகளை எடுத்தான்.

எசமான் விளக்கை அணைத்தார். குரலை உயர்த்தவில்லை. “ஏட்டு, பேர் கூப்பிட்டாச்சா?”

“இந்நேரம் ஆயிருக்கும் எசமான்.”

“அப்போ இவன் ஏன் இங்கே இருக்கான்?”

ஏட்டு வெற்றிலையை விழுங்கினார். வெள்ளைத்துரையை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம்கூட இருந்தது என்று பின்னாளில் வெள்ளைத்துரை சொன்னான். அதுதான் அவனுக்கு எல்லாவற்றையும்விடக் குமட்டியது.

“நான் சொன்னேன் எசமான், நேரமாச்சு போலேன்னு. கேக்கல. திமிரு.”

“இவனுக்காக யாராவது குரல் கொடுத்திருப்பானே?”

“அவன் மச்சினன் இருக்காம்லா.”

“அவனையும் பாத்துக்குவோம்,” என்றார் எசமான். பிறகு வெள்ளைத்துரையிடம், முன்பு பேசிய அதே மென்மையான குரலில், “நட, முன்னாலே,” என்றார்.

நடந்தான். வீட்டைத் தாண்டும்போது கதவு சாத்தியிருந்தது. உள்ளே அன்னக்கொடி விளக்கேற்றாமல் உட்கார்ந்திருப்பாள் என்று தெரிந்தது. கூப்பிட்டால் அவள் என்ன முகத்தோடு வெளியே வருவாள்? பின்னால் வண்டி நடைவேகத்தில் ஊர்ந்தது, விளக்கு மறுபடியும் எரிந்தது, ஏட்டு பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார். அவன் நிழல் அவனுக்கு முன்னால் தெருவின் நீளத்துக்கு விழுந்து கிடந்தது. கதவு இடுக்குகளில் கண்கள் இருந்தன.

ஒருத்தி துப்பினாள். எசமானைப் பார்த்தா, தன்னைப் பார்த்தா என்று அவனுக்குத் தெரியவில்லை. இரண்டுமே நியாயம் என்று நினைத்துக்கொண்டான்.

பாதை முழுக்கக் குண்டும் குழியும். வண்டி ஒவ்வொரு குழியிலும் இறங்கி ஏறியது. வெளிச்சம் அவன் முதுகிலிருந்து ஓர் அங்குலமும் விலகவில்லை.

பெயர் கூப்பிடும்போது இல்லாத குற்றத்துக்காக வெள்ளைத்துரை ஆறு மாதம் மதுரை ஜெயிலில் இருந்தான். பஸ் ஷெட்டில் அவன் இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். அவனுக்காகக் குரல் கொடுத்த முத்துக்கருப்பனைக் கச்சேரியில் அடித்ததில் ஒரு காது கேட்காமல் போயிற்று; பிறகு அவன் குடும்பத்தோடு திருவாதவூர்ப் பக்கம் போய்க் குத்தகைக்குப் பயிர் செய்தான். அன்னக்கொடிக்கு மறுநாள் மதியம் பெண் பிறந்தது. ஒச்சாயிதான் உடனிருந்தாள், தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஒச்சாயி அடுத்த வருஷம் பேதி கண்டு இறந்தாள். எசமான் இன்ஸ்பெக்டராகித் தஞ்சாவூர்ப் பக்கம் மாற்றலாகிப் போனார்; போகும்போது வண்டியை ஒரு அரிசி மில்காரருக்கு விற்றுவிட்டுப் போனார். ஏட்டு சுடலை பென்ஷன் வாங்கி ஊருக்குப் போய், சொந்த வீட்டில் இறந்தார். நாற்பத்தேழில் சட்டத்தை எடுத்தார்கள். வெள்ளைத்துரையின் பெயரும் எல்லோர் பெயரோடும் சேர்ந்து அப்போதுதான் நீங்கியது. அவன் தல்லாகுளத்தில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, கடைசிவரை அங்கேயே இருந்தான். அவனும் அன்னக்கொடியும் ஒரே வீட்டில்தான் வாழ்ந்தார்கள். அந்தச் சாயங்காலத்தைப் பற்றி இருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டதே இல்லை.